மலைக்குப் போகாமல் பூசிய விபூதி

இன்று காலை மலையடிவாரத்துத் தேங்காய்க் கடையில் நின்று அழுதுவிட்டேன்.

(வயது நாற்பத்தேழு. மொட்டை போட்ட ஆந்திரா குடும்பம் ஒன்று குழந்தைகளோடு நின்று வேடிக்கை பார்த்தது!)

எல்லாம் நேற்று போனில் பார்த்த ஒரு பழைய காமெடிப் படத்தால் வந்தது.

இரட்டை அர்த்த வசனமும் இடுப்பு குளோசப்புமாக ஓடும் படம். பத்தாம் வகுப்பில் திருத்தணி தியேட்டரில் திருட்டுத்தனமாகப் பார்த்தது. (உள்ளே விடுவதற்காக அக்காவின் கண்மையில் மீசை வரைந்துகொண்டு!)

அந்த மாதிரிப் படம் விட்டதும் நானும் கூட்டாளிகளும் நேராக இந்தக் கடைக்குத்தான் வருவோம். தட்டில் இருக்கும் விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டால், மலைக்குப் போய் வந்ததாக வீட்டில் நம்பிவிடுவார்கள்.

கடைக்காரர் எங்கள் வகுப்பு சரசுவின் அப்பா. "மலை ஏறிட்டு வர்றீங்களா நைனா?" என்று ஆளுக்கொரு வாழைப்பழமும் கொடுப்பார்.

நேற்று மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "வயிறு வலிக்கச் சிரிப்ப, பாரு!" என்றேன்.

குழாயடியில் ஒரு குண்டுப் பெண்ணின் உடம்பைக் காட்டி காமெடியன் ஒரு பேர் வைப்பான். தெருவே சிரிக்கும்.

மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றாள்.

எத்தனையோ முறை பார்த்த படத்தில் அந்த முகத்தை நேற்றுதான் பார்த்தேன்.

பத்தாம் வகுப்பில் அந்தப் படம் பார்த்த மறுநாள் அதே பேரைச் சரசுவுக்கு வைத்தவன் நான். (அதை இங்கே எழுத மாட்டேன்.) ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்க அதுதான் அவள் பேர். காலாண்டுப் பரீட்சையோடு நின்றுவிட்டாள்.

அப்பாவுக்குப் பிறகு கடை அவளுடையது. இத்தனை வருடமும் எதிர்ச்சாரியிலேயே நடந்து கடந்திருக்கிறேன். இன்றுதான் போய் நின்றேன்.

"சரசு, என்னத் தெரியுதா?"

"ஆங், தெரியுதுங்க. எனக்குப் பேர் வெச்சவராச்சே."

"உன் படிப்பக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடு."

பூ கட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏன் நின்னேன்னு அப்பாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லல. எனக்குப் படிக்க சோம்பேறித்தனம்னு நெனச்சிகினே போய்ட்டாரு. 'அந்தப் பசங்களப் பாரு, படிச்சிகினு மலையும் ஏறுறானுங்க'ன்னு உங்களத்தான் காட்டித் திட்டுவாரு."

அங்கேதான் உடைந்துபோனேன்.

ஒரு விபூதிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"கண்ணத் தொடச்சிகினு இதப் பூசிக்கோங்க. வீட்ல கேட்டா மலைக்குப் போய்ட்டு வந்தேன்னு சொல்லுங்க."

எல்லாம் அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது!

பொட்டலம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பூசிக்கொள்ளக் கை வரவில்லை.

நீங்கள் பேர் வைத்த பெண் இப்போது எங்கே இருக்கிறாள், தெரியுமா?