காலியாகக் கிடந்த மூலை

என் வீட்டில் நான் பார்ப்பது ‘எலி வேலை’. ஆராய்ச்சி என்ற சொல் ஒருவர் வாயிலும் வராது. ஊரப்பாக்கத்தில் ரயிலேறிப் போய் நான் செய்தது இதுதான்: தடவைக்கு ஒரு மரபணுவாக நீக்கிய எலிகளையும் நீக்காத எலிகளையும் வைத்துக்கொண்டு, நோயை எதிர்க்கும் செல்கள் எந்த வகையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது. எண்ணும் கருவி ஒவ்வொரு செல்லையும் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும்.

மூன்று வருடம் ஒரு வித்தியாசமும் காட்டாமல் உயிரை வாங்கின அந்த எலிகள். பிறகு ஒருநாள், புதிதாக ஒரு மரபணு நீக்கிய எலியின் படத்தில், நோய் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் பி செல்கள் வரவேண்டிய மூலை துடைத்துப் போட்டதுபோலக் காலியாக இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பல்லாவரத்தில் இறங்கி, அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, கீழ்க்கட்டளையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஒன்றுமே இல்லாததற்கா ஸ்வீட் என்று கேட்டுச் சிரித்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

குழந்தை பிறந்து ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தான். அப்புறம் காதில் சீழ், நெஞ்சில் சளி, காய்ச்சல். மருந்து நிறுத்திய பத்தாம் நாள் மறுபடியும் காய்ச்சல். தாம்பரத்தில் பார்த்த டாக்டர் செல்களை எண்ணும் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் அத்திம்பேர் போனுக்கு வந்ததும், படித்தவள் நீதானே, பார்த்துச் சொல் என்று எனக்கு அனுப்பிவிட்டார்.

ரயிலில் நின்றுகொண்டே திறந்தேன். அதே படம், அதே மூலை. ஒன்றிரண்டு புள்ளிகள்தான் இருந்தன. அந்த மைசூர்பாகை நினைத்து என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் டாக்டர் நிதானமாக விளக்கினார். பிறவியிலேயே ஒரு மரபணுவில் கோளாறு, அதனால் பி செல்கள் உருவாகவில்லை. எதிர்ப்புப் புரதத்தை மாதாமாதம் நரம்பில் ஏற்ற வேண்டும், விடாமல் ஏற்றினால் பிள்ளை நன்றாக வளர்வான் என்றார். நான்தான் பெரிய மேதாவிபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை என் மடியில் உட்கார்ந்து, என் அடையாள அட்டையின் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“டாக்டர் ஆயிரம் சொல்லுவார். நீ சொல்லுடி,” என்றாள் அக்கா. “இதே மாதிரி காலியா இருந்த உன் எலிங்கல்லாம் எத்தனை நாள் உயிரோட இருந்துச்சு?”

அந்த எலிகளைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். இந்தக் கேள்வியை மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. ரொம்ப நாள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி பார்த்தேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

“தெரியாதுக்கா. எட்டு வாரம் ஆனதும் நாங்களே கொன்னுடுவோம். மண்ணீரலை வெளிய எடுத்தாத்தான் எண்ண முடியும்.”

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள்.