விமானத்தின் வாலில் என் பெயர்

எழுபத்தொன்றில் போர் முடிந்து, அடுத்து வந்த கோடையில் மதுரைப் பொருட்காட்சிக்கு எதிரியின் போர் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முழு விமானம் இல்லை. ஒரு இறக்கையும் வாலும்தான். மேலெல்லாம் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பெயிண்ட். மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தரையோடு தரையாகத் தெரிய வேண்டுமாம். வாலில் இருந்த பிறைக்கொடியையும் அந்தப் பூச்சு மூடியிருந்தது.

ஜனங்கள் நம்பவில்லை. "பிறையக் காணோமே! நம்ம ஊரு ஓட்டைப் பிளேன வச்சு ஏமாத்துறாய்ங்க" என்று சத்தம் போட்டார்கள். பொருட்காட்சிக் காண்ட்ராக்டர், காளவாசலில் இருந்த எங்கள் போர்டு எழுதும் கடைக்கு ஓடி வந்தார்.

"பாய், ஒரு பிறை, ஒரு நட்சத்திரம். ஒங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. எல்லாக் கட்சிக் கொடியும் வரைந்திருக்கிறேன். மாரியம்மன் திருவிழாத் தட்டிக்குச் சிங்கம் வரைந்திருக்கிறேன். அப்போதெல்லாம் யாரும் இப்படிப் பேசியதில்லை. போர் நடந்தபோது எங்கள் தெருவில் ரேடியோ கொஞ்சம் சத்தமாகப் பாடினாலே எந்த ஸ்டேஷன் என்று எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கொடியை நானே வரைந்தால் விடுவார்களா? முடியாது என்றேன்.

என் கூட்டாளி திருவாதவூர்க்காரன், அப்பா விவசாயம், நெற்றியில் எப்போதும் திருநீறு. "நீ இரு மாப்ள, நான் போட்டுட்டு வாரேன்" என்று பிரஷ்ஷோடு கிளம்பினான்.

மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன் போய்ப் பார்த்தேன். பிறை அருமையாக வந்திருந்தது. அதன் கீழே, வலது ஓரத்தில், சாய்ந்த எழுத்தில் என் பெயர். பக்கத்தில் 'ஆர்ட்ஸ், காளவாசல்'. கடை என் பெயரில் இருந்தது. எந்த போர்டை முடித்தாலும் இரண்டு பேருமே ஓரத்தில் அதைத்தான் எழுதுவோம். கைப்பழக்கம் என்று ஒரு மனம் சொன்னது. வேண்டுமென்றே என்னை மாட்டிவிட்டானோ என்றது இன்னொரு மனம். ஒரே தட்டில் சாப்பிட்டவனை அப்படி நினைத்தேன்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். முகம் இறுகியது. "எதிரி பிளேன்ல பேரு எழுதுற அளவுக்கு எவன்யா இவன்? கூட்டிட்டு வாங்க ஸ்டேஷனுக்கு!" என்று காண்ட்ராக்டரின் ஆளிடம் கத்தினார்.

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அதற்குள் பெயிண்ட் டப்பாவை எடுக்க வந்த கூட்டாளி வாலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, அது கடைப் பேரு. வரைஞ்சது நானு." தன் பெயரையும் ஊரையும் சொன்னான்.

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "அட, நம்ம பயதானா! பிறை இருக்கட்டும், அந்தப் பேர மட்டும் அழிச்சுரு."

டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு என்னிடம் வந்தான். "பயந்துட்டியா மாப்ள? அதான் ஒண்ணும் ஆகலேல்ல?"

ஆகவில்லைதான். அவனைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவன் தன் பெயரைச் சொன்னதும் போலீஸ்காரர் முகம் எப்படி மலர்ந்தது என்பதை அவன் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன். டீ குடிக்கக் கூப்பிட்டான், போனேன்.