உப்பா, வெங்காயமா?

தம்புள்ளையில் வேலை செய்த வெங்காயக் கடையை விட்டு நான் நடக்கத் தொடங்கியது, யுத்தம் இன்னும் முடியாத ஒரு ஆவணி மாதம். முதலாளியோடு சண்டை ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதிலிருந்து, ஒரே இடத்தில் சில மாதங்களுக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். நாவுல வரைக்கும் ஒரு லொறிக்காரர் ஏற்றி வந்தார். அதற்குப் பிறகு மாத்தளைப் பக்கமாக நடை. அறுந்த செருப்பைச் சணலால் கட்டியிருந்தேன்.

பலாபத்வலைக்கு வந்தபோது பின்னேரம். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு சிங்களப் பெண், இரண்டு மூட்டைகளைத் தூக்க முடியாமல் நின்றார். நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததுமே தமிழன் என்று தெரிந்துவிட்டது போல.

"மல்லி, இது ஒண்ணு தூக்கித் தாறதா? வீடு கிட்டத்தான். சோறு தாறேன்."

மல்லி என்றால் தம்பி. சோறு என்றதும் நான் யோசிக்கவில்லை.

நடந்தபடியே அவர் கதை சொன்னார். முன்பு சீகிரியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் காய்கறி வெட்டியவராம். இப்போது அதே ஹோட்டலுக்குப் பொலித்தீன் கூடாரத்துக்குள் சலாது இலை வளர்க்கிறார். மண் கிடையாது, தண்ணீரில்தான் பயிர். பச்சையாகத் தின்னும் இலை என்பதால் பூச்சிமருந்தும் அடிப்பதில்லை. மூட்டைகளில் இருப்பது அந்தத் தண்ணீரில் கரைக்கிற உப்பு. இரண்டும் வேறு வேறு வகை, ஒன்றாகச் சேரக் கூடாதாம். அதனால் ஒன்று அவர் தோளில், ஒன்று என் தோளில்.

கிளைப்பாதை திரும்பும் இடத்தில் ஆமிக்காரர்களின் சோதனைச் சாவடி இருந்தது. அவரைத் தெரியும் என்பதால் விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த என்னை மறித்தார்கள். என் அடையாள அட்டையில் இருந்தது நான் எப்போதோ விட்டுவந்த தோட்டத்து விலாசம். அதை வாங்கிப் பார்த்த இளம் ஆமிக்காரர், மூட்டையைக் காட்டி, "மே மொக்கத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

சிங்களத்தில் உப்புக்கு 'லுணு', வெங்காயத்துக்கு 'லூணு'. ஓர் எழுத்தை இழுப்பதில்தான் வித்தியாசம். மாதக்கணக்கில் வெங்காயத்தைக் கூவிக் கூவி விற்ற வாய், பயத்தில் 'லூணு' என்று இழுத்துவிட்டது.

அவர் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே வெடிமருந்து போல வெள்ளைத் தூள். மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த இன்னொருவரும் எழுந்து நின்றார். தமிழன் ஒருவன் வெள்ளைத் தூளைத் தூக்கிவந்து வெங்காயம் என்கிறான். அந்தக் காலத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி ஆமி கொண்டுபோன இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் திரும்பி வந்தார்.

அந்த அக்கா கொஞ்ச தூரம் போயிருந்தார். அப்படியே போயிருக்கலாம். திரும்பி வந்தார்.

"மாத்தயா, இவர் என்னோட ஆளு. என் இடத்துல வேலை செய்றவர். அது செடிக்குப் போடுற உப்பு," என்றார் சிங்களத்தில்.

"இவன் வெங்காயம்ங்கிறானே?"

"தமிழ் வாய்தானே, இழுத்துட்டார்."

"அப்ப உங்க மூட்டையில?"

"அதுவும் உப்புதான், வேற உப்பு. ரெண்டையும் கலந்தாத்தான் ஆபத்து."

ஆமிக்காரர் ஓரடி பின்னால் போனார்.

"ஐயோ, செடிக்குத்தான் ஆபத்து! தண்ணியிலதானே வளக்கிறோம்."

ஆமிக்காரர் சிரிக்கவில்லை. என் அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்க ஆளோட பேரு என்ன?"

நான் அக்காவிடம் என் பெயரே சொல்லியிருக்கவில்லை.

"மல்லின்னுதான் கூப்பிடுறேன். இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தார்."

"மண்ணில்லாம பயிர், பேரில்லாம வேலையாள். நான் வில்கமுவையில வயல்காரன் மகன் அக்கே. பொய் சொன்னாலும் நம்புற மாதிரிச் சொல்லுங்க."

"வந்து பாருங்க. பொய்யா இருந்தா இவரோட சேத்து என்னையும் கொண்டு போங்க."

என்னை முன்னால் நடக்கவிட்டு ஆமிக்காரர் பின்னால் வந்தார். கூடாரத்துக்குள் வெக்கை. வரிசையாக வெள்ளைக் குழாய்கள், அவற்றின் துளைகளில் பச்சையும் சிவப்புமாக இலைகள். அக்கா ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். அடியில் இடியப்பம் போல வெள்ளை வேர், தண்ணீர் சொட்டியது.

ஆமிக்காரர் துவக்கை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் குந்தினார். வேரை உள்ளங்கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தார்.

"இதுல கொச்சிக்கா வருமா, அக்கே?" மிளகாயைத்தான் கேட்டார்.

"வரும். செலவுக்குக் கட்டாது."

ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். "கசக்குதே! இதையா வெள்ளைக்காரன் காசு குடுத்துத் திங்கிறான்?"

"மேல என்னென்னவோ ஊத்தித்தான் திங்கிறாங்க."

அப்போதுதான் ஆமிக்காரர் சிரித்தார். அட்டையை என்னிடம் நீட்டினார். போகும்போது, "இவர் இங்க தங்குறதுன்னா பொலிஸ்ல பதிஞ்சிருங்க. நாளைக்கு வந்து பாப்பேன்," என்றார்.

பருப்பும் கருவாடும் சேர்த்துச் சோறு போட்டார் அக்கா. விடிந்ததும் மாத்தளைக்கு நடப்பதுதான் என் எண்ணம். "நான் போனா உங்களுக்கு வில்லங்கமா, அக்கே?" என்று கேட்டேன்.

பீங்கானைக் கழுவிக்கொண்டே தன் தமிழில் சொன்னார்: "போறதுன்னா போங்க மல்லி. வந்து கேட்டா, வேலை புடிக்கல்ல, போயிட்டார்னு சொல்றது."

சின்ன விஷயம் போலத்தான் சொன்னார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் திரும்பி நடந்துவந்து அவர் சொன்ன சொல், நான் போய்விட்டால் பொய்யாகிவிடும். ஆமிக்காரர் வந்து பார்த்து ஆள் இல்லையென்றால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மறுநாள் காலை பொலிஸில் பதிந்துவிட்டு வந்து, குழாய்களில் பிடித்திருந்த பாசியைத் தேய்க்கும் வேலையில் சேர்ந்தேன். பிறகும் எத்தனையோ இடங்களில் வேலை செய்து, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியிருக்கிறேன். ஆனால் 'இவர் என் ஆள்' என்று எனக்காக ஒருவர் சொன்ன பிறகு, அந்தச் சொல்லை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போக என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.