இட்லிக்குப் போன பிடி அரிசி

எங்கள் சபையில் பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம், வீட்டுக்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் அது சபையின் விதவைகளுக்குப் போகும்.

திண்டிவனத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து நானும் ஒரு வேளைகூட மறந்ததில்லை. ஆனால் அளந்த பொன்னியில் கை வைக்க மனம் வரவில்லை. இட்லிக்கென்று பக்கத்தில் வைத்திருந்த ரேஷன் அரிசியிலிருந்து அள்ளிப் போட்டேன். அரிசி அரிசிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியா என்று அடிக்கடி தோன்றும். கணவர் விழுப்புரம் ரயிலைப் பிடிக்க வேண்டும், ஒன்றரை வயது மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அந்த அவசரத்தில் கேள்வி அப்படியே நின்றுபோகும்.

எங்கள் தெருவில் வாராவாரம் சபைக்காகப் பிடி அரிசி வாங்க வருபவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும், குதிகாலில் சிமெண்டு காய்ந்திருக்க, பையோடு வந்து நிற்பாள். "அக்கா, கர்த்தரோட ஆளு வந்திருக்கேன், ஜல்தியா தொறங்க!" நாள் முழுதும் செங்கல் சுமந்தவளுக்கு இத்தனை சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் மகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. டாக்டர் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் கொடுக்கச் சொன்னார். கரைசல் கொஞ்சம் தங்கியது. கஞ்சி இரண்டு முறையும் வெளியே வந்துவிட்டது. தண்ணீரைச் சரியாகக் காய்ச்சவில்லையோ, நேற்று கொடுத்த பழமோ என்று ஒவ்வொன்றாக நினைத்து என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் அரிசி வாங்க வந்தாள்.

"இன்னாக்கா, பாப்பா இப்படித் துவண்டு கெடக்குது?"

"கஞ்சி கொடுத்தா நிக்கவே மாட்டேங்குதும்மா."

"எந்த அரிசி?"

"அம்மா விக்கிரவாண்டியிலேர்ந்து அனுப்பின பொன்னிதான். இந்த அறுப்புல வந்தது."

"புது அரிசியா? போச்சு, பேஜாருதான்! புள்ள வயிறு எப்படித் தாங்கும்? இருங்க, தோ வர்றேன்."

பையை என் வாசலிலேயே போட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினாள். திரும்பியபோது கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே லேசாக மஞ்சள் ஏறிய பழைய பொன்னி. ஒரு கல், ஒரு கறுப்பு கிடையாது. அவளே மிக்சியில் நொய்யாக உடைத்து அடுப்பில் வைத்தாள்.

அவள் வீட்டில் ரேஷன் அரிசிதான் என்று எனக்குத் தெரியும். "இது ஏதும்மா?" என்றேன்.

"பிடி அரிசிக்குன்னு வாங்கி வெச்சிருக்கேன்கா. நாங்க எதையோ தின்னுக்கினு போறோம். குடுக்கறது நல்லா இருக்கட்டுமே."

என் டப்பா மேடைமேல் மூடியோடு இருந்தது. அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். பிறகு தாங்காமல் சொல்லிவிட்டேன். "என் டப்பாவில இருக்கறது..."

"தெரியும்கா. மொத வாரமே தெரியும்." கரண்டியை நிறுத்தாமல் கிண்டினாள். "உங்க ரேஷன் அரிசியையும் மத்த ஊட்டு அரிசியையும் ஒண்ணாக் கொட்டினா ஒண்ணு கொழையும், ஒண்ணு வேகாது. ஆயாங்க பல்லுல மாட்டும். அப்புறம் இது எந்த ஊட்டு அரிசின்னு பேச்சு வரும்."

"அப்போ என் அரிசிய என்ன பண்ணினே?"

"எங்க ஊட்டுக்கு எடுத்துக்கினு, அதுக்குப் பதிலா என்னோடத போட்டுட்டேன். எங்க ஊட்டு ஞாயித்துக்கிழம இட்லியே நீங்கதானேக்கா!"

அவள் சிரித்த சத்தத்தில், என் தோளில் சாய்ந்திருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பில் எங்காவது குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உற்சாகமாய்க் கொடுப்பதைப் பற்றி ஞாயிறு பள்ளிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். இத்தனை மாதம் என் பங்கையும் சேர்த்து இவள் கொடுத்திருக்கிறாள். என் பெயர் கெடாமலும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதையும் ஏதோ லாபம் கிடைத்ததுபோலச் சொல்கிறாள்.

கஞ்சியை ஆற்றி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். மற்ற வீடுகள் காத்திருந்தும் அவள் நகரவில்லை. அரை மணி நேரம் இருவரும் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கஞ்சி வயிற்றில் தங்கியது. "ஸ்தோத்திரம்!" என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் தோளில் போட்டாள்.

மறுநாளே பழைய பொன்னி வாங்கினேன். மூன்று ஆழாக்கு அளந்து, அதிலிருந்து ஒரு பிடி திரும்ப எடுத்தேன். "இன்னைக்குச் சோறு கம்மியா?" என்றார் கணவர். "ஒரு பிடி கம்மி" என்றேன். வெட்கத்தில் கொடுக்கிறேனா, சந்தோஷத்தில் கொடுக்கிறேனா என்ற சந்தேகம் முதல் இரண்டு நாள் இருந்தது. வாரக் கடைசியில் வேறு கவலை வந்துவிட்டது. அவள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வாள்?

சனிக்கிழமை வந்தாள். மூடியைத் திறந்தவள் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, நாளைக்கு எங்க ஊட்ல இட்லி இல்லியா?"

தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று மத்தியானம் முழுக்க யோசித்துக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த தூக்குச் சட்டியை எடுத்து நீட்டினேன். ரேஷன் அரிசி இட்லி மாவு, பொங்கி விளிம்புவரை வந்திருந்தது.

"அரைச்சே வெச்சிட்டேன்மா."


"உப்பு போட்டீங்களா?" என்று கேட்டபடியே அவள் வாங்கிக்கொண்டாள்.