அறுக்கக் கொண்டுபோன டர்போ டீசல்

சனிக்கிழமை, காலை 5.10. கோவில்பட்டி.

வண்டியை அறுக்கக் கொண்டுபோகிறவன் எவனாவது முந்தின நாள் அதற்குப் புது ஆயில் மாற்றுவானா? நான் மாற்றினேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் என்பது என் வீட்டுச் சட்டம். போகிற உயிர் நல்லபடியாகப் போகட்டுமே என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி செண்பகம் பிளாஸ்க்கும் புளியோதரையுமாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க. ரோட்டைப் பாருங்க" என்றாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாடல், டர்போ டீசல். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சின்னக் காற்றாடி. அது நன்றாக இருந்தால் வண்டி பறக்கும். எட்டு மாதமாக என் வண்டி பறக்கவில்லை, பெருமூச்சு விட்டது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சோதித்தேன், ஃபில்டரை இரண்டு தரம் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஊர் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "டர்போ போச்சு சார். புதுசு போடுற காசுக்கு வண்டியே தேறாது" என்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் திருப்பூரிலிருந்து செண்பகத்தின் தம்பி மாரியப்பன் போன் செய்தான். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் கட்டிங் மாஸ்டர். அது கடும் மின்வெட்டுக் காலம். அவன் முதலாளியம்மா ஜெனரேட்டருக்கு ஒரு டீசல் இன்ஜின் தேடிக்கொண்டிருந்தார். டர்போ இல்லாவிட்டாலும் ஒரே சீராக ஓடினால் போதுமாம். இன்ஜினைக் கழற்றிக்கொண்டு பாக்கியை அறுத்து எடைக்குப் போட்டுவிடுவார்களாம். போனிலேயே சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

காலை 6.25. விருதுநகர்.

டீ மூன்று ரூபாய். அது டீ இல்லை, வெந்நீருக்குக் கொடுத்த காசு என்று செண்பகம் சொன்னாள். ஊரைத் தாண்டியதும் ஒரு ரயில்வே மேம்பாலம். மூன்றாம் கியரில் ஏறி, பாதியில் இரண்டுக்கு இறக்கி, பின்னால் கரும்புகை தள்ளிக்கொண்டு போனேன். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போயிற்று. அதன் கிளீனர் எனக்குக் கையாட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை நாலு வார்த்தை ஏசினேன். கண்ணாடி ஏற்றியிருந்ததால் செண்பகம் மட்டும்தான் கேட்டாள்.

மதுரையைச் சுற்றிக்கொண்டு திண்டுக்கல் சேர 9.15. இட்லி, வடை, இரண்டு பேருக்கு முப்பத்தாறு ரூபாய். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதில் இருபது நிமிடம் போயிற்று. தாராபுரம் தாண்டிவிட்டால் நிலம் திறந்து கிடக்கிறது. குண்டடம் வரை இருபுறமும் காற்றாலைகள், நடுவில் சோளத்தட்டு, முள்வேலிக்குள் மேயும் மாடுகள். இத்தனை காற்று வீசுகிற சீமையில் என் வண்டி மட்டும் காற்றுக்கு ஏங்கியது. பல்லடம் வந்ததும் சாலையின் முகம் மாறிவிடும். தைக்க வெட்டிய பீஸ் துணி ஏற்றிய டெம்போக்கள், பஸ் கூட்டம், பேக்டரி வேன்கள். பகல் 12.50க்கு வீரபாண்டி சேர்ந்தோம். ஏறக்குறைய இருநூற்று எழுபது கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் மணி நேரம். முன்பெல்லாம் ஐந்தரை மணி நேரத்தில் வந்திருக்கிறேன்.

பகல் 3.00. ஞானதுரை ஒர்க் ஷாப்.

கழற்றுவதற்கு முன் இன்ஜினை ஒரு தரம் பார்த்துவிடச் சொல்லி முதலாளியம்மாவின் உத்தரவு. மாரியப்பன் எங்களை ஞானதுரையிடம் அழைத்துப் போனான். சாத்தான்குளத்துக்காரர், கழுத்தில் சிலுவை, தோளில் கிரீஸ் படிந்த பனியன் துண்டு. திருப்பூர் ஒர்க் ஷாப் எதிலும் இந்த வெட்டுத்துணி மூட்டை ஒன்று இருக்கும். கம்பெனியில் கழித்த துணி கை துடைக்க, ஆயில் துடைக்க, ஓட்டை அடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஆகும். மாரியப்பன் ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கும் ஒரு மூட்டை கொண்டுவருவான்.

ஞானதுரை ஸ்பேனரைத் தொடவே இல்லை. என்னை ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஹெட்லைட்டுக்குப் பின்னால், காற்று உள்ளே போகும் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தார்.

"அண்ணாச்சி, மூச்சே இழுக்க மாட்டேங்கு. ஆஃப் பண்ணுங்க."

கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். ஆரஞ்சு நிறத்தில், கரடிப் பொம்மை அச்சடித்த குழந்தைச் சட்டைத் துணி ஒன்று முழம் நீளத்துக்கு வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அந்தப் பய எங்க ஊர் மெக்கானிக்கை நான் சும்மா விடப்போறதில்ல" என்று போனை எடுத்தேன்.

"போனை உள்ள வைங்க" என்றாள் செண்பகம். "இது தம்பி கொண்டாந்த மூட்டைத் துணி. தீபாவளிக்கு முன்னாடி நீங்கதான் இன்ஜினுக்குத் தண்ணி அடிச்சுக் கழுவுனீங்க. உள்ள தண்ணி போயிரக் கூடாதுன்னு நீங்கதான் சொருகுனீங்க. எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. எட்டு மாதமாக ஃபில்டரை மாற்றினேனே தவிர, ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் குழாயை எட்டிப் பார்க்கவில்லை. மாரியப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

"பனியன் துணியாப் போச்சு, தப்பிச்சிய. கண்ணு கண்ணா ஓட்டை இருக்கும்லா, கொஞ்சமாவது காத்து போயிருக்கு. தார்ப்பாயா இருந்தா ஸ்டார்ட்டே ஆயிருக்காது" என்று ஞானதுரை ஆறுதல் சொன்னார். இழுவை இல்லை என்று ஊர் மெக்கானிக் பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருந்ததையும் கண்டுபிடித்தார். "காத்தில்லாத எடத்துல டீசலைக் கூட்டுனா புகைதான வரும்?" என்று அரைத் திருகு குறைத்தார், டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளாம்ப்புகளை இறுக்கினார், வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஐடில் வேகத்தைக் காதால் கேட்டே சரிசெய்தார். கூலி நூற்றைம்பது ரூபாய்.

பல்லடம் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாயிரம் சுற்றைத் தொட்டதும் டர்போவின் அந்த மெல்லிய விசில் வந்தது. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. எட்டு கிலோமீட்டர் சந்தோஷமாகப் போனேன். அப்புறம்தான் மறுநாள் இதை அறுக்கக் கொடுக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. வேகத்தைக் குறைத்து வண்டியைத் திருப்பினேன்.

ஞாயிறு, காலை 9.30. பனியன் கம்பெனி.

ஷிப்மென்ட் அவசரம் என்று ஞாயிறும் வேலை நடந்தது. முதலாளியம்மா சரஸ்வதிக்கு ஐம்பது வயதிருக்கும். குண்டடத்து விவசாயக் குடும்பம்.

"வாங்க, வாங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா? டீ சாப்புடறீங்ளா?"

டீ வருவதற்குள் நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். வண்டி நன்றாகிவிட்டதையும், தப்பு என்னுடையது என்பதையும். அவர் சிரிக்கவில்லை. விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உங்களை நம்பி நான் வேற எங்கயும் பாக்கலீங்களே. செவ்வாக்கெழம கன்டெய்னர் வருதுங்க. கரண்டு ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் நிக்குது. என்றகிட்ட இருக்கற ஜெனரேட்டரு மூணாவது தையல் லைனைப் போட்டா மொனகுதுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய நாற்பது ஆட்களின் வேலை என் வார்த்தையை நம்பி நின்றது. "சொன்னது சொன்னதுதாங்கம்மா" என்று சாவியை மேசை மேல் வைத்தேன்.

டீசலில் ஓடுவது எதுவானாலும் எட்டிப் பார்க்காமல் வர எனக்குத் தெரியாது. "பழைய ஜெனரேட்டரை ஒரு தரம் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"பாக்காம வர மாட்டாரு. காட்டிருங்க" என்றாள் செண்பகம்.

ஜெனரேட்டர் ஷெட்டின் கதவைத் திறந்ததும் இட்லிக் கொப்பரைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. அந்நேரம் கரண்டு நின்றிருந்ததால் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அதே கரும்புகை தள்ளியது, அதே பெருமூச்சு விட்டது. எட்டு மாதம் கேட்ட சத்தமாயிற்றே, எனக்குத் தெரியாதா?

"இந்த ரூமுக்கு ஜன்னல் எங்கம்மா?"

"மூட்டைக்குப் பொறத்தாலைங்க."

வெட்டுத்துணி மூட்டைகள், வெளிச்சுவரை ஒட்டிக் கூரை வரை. விலை இறங்கிவிட்டது, ஏறட்டும் என்று மூன்று மாதமாக விற்காமல் அடுக்கியிருக்கிறார்கள். பீகார்க்காரப் பையன்கள் நாலு பேர் "உடாவோ, உடாவோ" என்று, தூக்கு தூக்கு என இந்தியில் சத்தம் போட்டபடி, பதினேழு மூட்டையை இழுத்துப் போட்டார்கள். பின்னால் இருந்த கம்பிவலையில் பஞ்சு கம்பளிபோல் அப்பியிருந்தது. மாரியப்பன் விளக்குமாற்றால் உரித்தெடுத்தான். குபுகுபுவென்று காற்று உள்ளே வந்தது. ஃபில்டரைத் தட்டிப் போட்டு, இன்ஜினை ஆறவிட்டு, மறுபடி கிளப்பினோம். முதல் லைன், இரண்டாவது லைன். சரஸ்வதி தானே போய் மூன்றாவது லைனின் ஸ்விட்சைப் போட்டார். இன்ஜின் ஒரு நொடி தணிந்து, நிமிர்ந்து, ஒரே சீராக ஓடியது. புகை வெளுத்தது.

அவர் கால் மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"எனக்கு எதுக்குங்க இன்னொரு இன்ஜினு? நல்லபடியா ஊட்டுக்குக் கொண்டு போங்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஞ்சுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

பகல் 12.15. புறப்பாடு.

தாராபுரம் வரை எண்பதுக்குக் குறையவில்லை. கரண்டு போனாலும் நிற்காமல் ஓடுகிற ஊர் திருப்பூர். எங்கள் ஊரில் கரண்டு போனால் விசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவோம் என்று இரண்டு ஊரையும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே வந்தேன். இனி எந்த மெக்கானிக்கும் எனக்குப் பாடம் சொல்ல வேண்டாம், சத்தத்தைக் கேட்டே எங்கே மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன்.

செண்பகம் பிளாஸ்க்கை மூடிக் காலடியில் வைத்தாள்.

"அடுப்படி ஜன்னலுக்கு வெளிய உங்க பழைய டயரு, ஆயில் டப்பா, ரேடியேட்டரு எல்லாம் அடுக்கி வச்சிருக்கீங்கல்ல?" என்றாள். "ஏழு வருஷமாச்சு. நானும் அந்தப் புழுக்கத்துக்குள்ள நின்னுதான் சமைக்கிறேன்."

அன்று பொழுது சாயும் நேரம் ஊர் வந்து சேர்ந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், முதல் டயரை நகர்த்தினேன்.