அப்பா தூண்டில் போட்ட பாறை

அப்பா இறந்து இருபது நாள் கழித்து மாமா எங்கள் போட்டைக் கடலில் இறக்கினார். மாமா, அம்மாவின் தம்பி. பத்து வருடம் அப்பாவோடு தொழிலுக்குப் போனவர். முதல் மூன்று நாளும் கோவளம் கரைக்கு வெறும் கையோடுதான் திரும்பினார்.

"பாரு கிடைக்கலக்கா," என்றார் அம்மாவிடம். "இப்டியே போனா நான் வேற போட்டுக்குத்தான் போவணும்."

அவர் போனால் எங்கள் போட் மணலிலேயே கிடக்கும். வேறு ஆள் இல்லை.

பாரு என்பது கடலடியில் இருக்கிற பாறை. சங்கரா மீன் அங்கேதான் நிற்கும். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைப்பார்கள். அப்பா வைக்கமாட்டார். மெஷினில் இருந்தால் எவனாவது பார்த்துவிடுவானாம். கடலிலிருந்து பார்த்தால் கரையில் தர்கா மினாருக்கு நேர் பின்னால் ஒரு பனைமரம் வரும். அந்தக் கோட்டிலேயே போய் ஓர் இடத்தில் நிறுத்துவார். எங்கே நிறுத்துவது என்று மாமாவுக்கே சொன்னதில்லை.

"நிறுத்தும்போது எங்க பாப்பாரு?" என்று கேட்டேன்.

"சிறுசேரி பக்கம். முன்ன ஒரு தண்ணி டேங்க அடையாளமா வெச்சிருந்தாரு. அத்த இடிச்சிட்டாங்க. அப்புறம் சவுக்குத்தோப்பு ஓரத்துல ஒரு கண்ணாடி பில்டிங்கு வந்தா நிறுத்துவாரு. எதுன்னு சொல்லல. நானும் இருக்கறதுலயே பெருச வெச்சி நிறுத்தறேன். அடியில மண்ணுதான் கீது."

அங்கே ஒரு பில்டிங்கில்தான் நான் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில், "எதும்மா உன்து?" என்று அப்பா கேட்டார். பெரியது இல்லை, பக்கத்தில் அதைவிடக் குட்டையாக, மேலே இரண்டு வெள்ளை டேங்க் இருக்கும் என்றேன். மறுநாள் கடலிலிருந்து வந்து, "தெரியுது" என்றார். அவ்வளவுதான்.

மாமாவிடம் சொன்னேன்.

"அடப்பாவி மனுசா! பொண்ணு வேலை செய்யற எடத்த பாத்துகினா இருந்தாரு? கூடவே குந்திகினு இருந்தேன், என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லலயே!"

மறுநாள் காலை ஏழாவது மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"தூண்டில் குண்டு கல்லுல தட்டுது பாப்பா! டொக்கு டொக்குனு!"

"சங்கரா கீதா மாமா?"

"இப்பதானே போட்டேன். இரு... ஏறுது, ஏறுது! ஏய், நான் எங்கயும் போவல, போட்ட நானே பாத்துக்கறேன்னு அக்காவாண்ட சொல்லு. எடத்த மட்டும் சொல்லிடாத. அதுக்குத் தெரிஞ்சா மார்க்கெட்டுக்கே தெரிஞ்சிடும்."

ஜன்னலில் தூரத்தில் ஏழெட்டு போட் தெரிந்தது. எங்களுடையது எது என்று தெரியவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன். அப்புறம் முகம் கழுவிவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.