நாலாவது ஆம்ப்

முதலில் முகர்ந்து பார்ப்பார். பழைய ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியைக் கழற்றி, மூக்கை உள்ளே நுழைத்து, கண்ணை மூடி ஓர் இழுப்பு. "கருகல் வாசனை இல்ல. உள்ள நோண்டாத சரக்கு." அடுத்து இரண்டு கையாலும் தூக்குவார். "முப்பத்தோரு கிலோ." பக்கத்திலேயே எடைமேடை இருக்கிறது. அதுவும் முப்பத்தொன்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எடைமேடையில் கோளாறு.

இவர் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர்; எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஊர்த் தராசுகளிலெல்லாம் குறை கண்டவருக்கு, ஓய்வுக்குப் பிறகு குறை காண எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே ஒரு ஜோடி ரிப்பன் ஸ்பீக்கர் வாங்கினார்.

முன்னறையில் கதவை மறைத்துக்கொண்டு ஆளுயரப் பலகைகள் இரண்டு நிற்கின்றன. உள்ளே காகிதக் கூம்புக்குப் பதில் மெல்லிய அலுமினிய நாடா. அதன் மின்தடை ஒரே ஒரு ஓம். சாதாரண ஆம்ப் எட்டு ஓமுக்குப் பழகியது. ஒரு ஓமைக் கண்டால், யாரோ வயரோடு வயரை முட்டிவிட்டார்கள் என்று பயந்து தானே அணைந்துவிடும். அசராத ஆம்ப் வேண்டும். புதிது ஆகாது. "இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா தம்பி. நாப்பது வருஷத்துக்கு முந்தின இரும்புதான் தாங்கும்." ஓம் விதியை எனக்கு வாரம் ஒருமுறை முதலிலிருந்து கற்றுக்கொடுப்பார். எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி நான், படித்ததும் மின்னியல்தான். ஆனால் குடியிருப்பது அவர் மாடியில். தலையாட்டுவேன்.

மூன்று வருடத்தில் மூன்று ஆம்ப் வந்து போயின. முதலாவது புகைந்தது. இரண்டாவது ஃபியூஸ்களாகத் தின்றது. மூன்றாவது, சோதனை ஒலியை ஒரு மணி நேரம் முனகாமல் தாங்கியது. அதையும் திருப்பி அனுப்பினார். "முன்னாடி பச்சை விளக்கு எரியுது பாருங்க. அந்த மாடலுக்கு ஆரஞ்சு. எவனோ கை வெச்சிருக்கான்."

தெருமுனை ரேடியோ மெக்கானிக் ஒருநாள் சொன்னார்: "சார், நடுவுல சின்னதா ஒரு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா எந்த ஆம்பும் ஓடும். ஒரு மணி நேர வேலை." அன்றோடு அவருக்கு அந்த வீட்டில் டீ நின்றது.

இவ்வளவும் யாருக்காக? கேட்டால் சமையலறைப் பக்கம் கை நீட்டுவார். அவர் மனைவி, நான் அம்மா என்று கூப்பிடுபவர், பத்தொன்பது வயதில் வானொலியில் ஒரே ஒருமுறை பாடியிருக்கிறார். அந்த டேப் பீரோவில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பாட்டில்லை. பாடாதே என்று யாரும் சொல்லவில்லை, பாடு என்றும் சொல்லவில்லை. இப்போது இடது காது போய்விட்டது. வலதுக்கு மிஞ்சினால் இரண்டு வருடம் என்று காது டாக்டர் சொல்லியே ஒன்றரை வருடமாகிறது. "அவ குரல் சரியான ஆம்புலதான் முதல்ல கேக்கணும். கண்டதுல போட்டு அசிங்கப்படுத்த மாட்டேன்" என்பது வீட்டுக்காரரின் சபதம்.

போன ஞாயிறு காலை நாலாவது வந்தது. முகர்ந்தார், தூக்கினார், "முப்பத்தெட்டு!" என்றார், பேரன் பிறந்த முகத்தோடு. அம்மாவை நடு நாற்காலியில் உட்காரவைத்து, "தலைய அசைக்காத" என்று டேப்பை ஓடவிட்டார். சின்னப் பெண்ணின் குரலொன்று அறைக்குள் வந்து நின்றது. இரண்டாவது வரியில் அது மேலே ஏறியபோது, டக். ஆம்ப் அணைந்தது.

"ஏங்க, இன்னொரு தடவை போடுங்க."

"இரு, இரு. உள்ள செட்டிங் பாக்கணும். ஒரு மாசம் பொறு."

"மாசக்கணக்குல எனக்கு காது இல்லைங்க."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "அந்த டேப்ப மெக்கானிக்கு போன வருஷமே போன்ல ஏத்திக் குடுத்துட்டாரு தம்பி. இவரு மனசு கஷ்டப்படுமேன்னு தொடாம வெச்சிருந்தேன்." மேடையில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்து, அதற்குள் போனை நிறுத்தி, வலது காதைச் சாய்த்துக்கொண்டு குனிந்தார். பாட்டு டம்ளரிலிருந்து கிளம்பியது. ஆம்ப் அணைந்த அந்த இடத்தை, எதுவுமே நடக்காதது மாதிரி ஏறிக் கடந்தது.

வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவரோடு வாசற்படியில் வந்து நின்றார். பிறகு மெல்ல உள்ளே வந்து, டம்ளரை இரண்டு விரலால் பிடித்து, மனைவியின் வலது காதுக்கு நேராக ஒரு நூலளவு திருப்பி வைத்தார்.